அம்மாவுடன் ஆர்க்டிக் கப்பல் பயணம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் டொரன்டோவில் இருக்கிறேன். ஈரோட்டிலிருந்து அம்மா வந்து நாலு மாதம் ஆகிறது. வயது 68. அப்பா போனதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே கிளம்பவே மாட்டார். போன மாதம் டிவியில் ஒரு பனிக்கரடி குட்டியோடு நீந்துவதைப் பார்த்துவிட்டு, "இது இந்த ஊர்லதானே இருக்குது, நாம போய்ப் பார்க்க முடியாதா கண்ணு?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவராக வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது.

விசாரித்ததில் ஒரு பயணம் பிடித்திருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் 12 நாள். தனி விமானத்தில் கனடாவின் தூர வடக்கில் இருக்கும் ரெசல்யூட் ஊருக்குப் போய் அங்கே கப்பல் ஏறுவது, லாங்கஸ்டர் சவுண்ட், பீச்சி தீவு, பாண்ட் இன்லெட், பிறகு பாஃபின் விரிகுடாவைக் கடந்து கிரீன்லாந்தில் இலுலிசாட், கடைசியாக கங்கர்லுசுவாக்கில் இறக்கம். ஒருவருக்கு 17,000 கனடா டாலர். கப்பலில் சுடுநீர்த் தொட்டி, நூலகம், மருத்துவர் எல்லாம் உண்டு என்கிறார்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, சுத்த சைவம். சமாளிப்பாரா? அப்புறம் இன்னொன்று. விளம்பரத் தாளில் "நீங்கள் காணக்கூடியவை" என்று போட்டு, பனிக்கரடி, வால்ரஸ், நார்வால் திமிங்கலம், இனூயிட் மக்கள் என்று விலங்குகளோடு அங்கத்திய பூர்வகுடிகளையும் ஒரே வரியில் அடுக்கியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசுக்கு ஒப்பவில்லை. அந்த மக்கள் வாழும் பாண்ட் இன்லெட் ஊரில் இறங்கி என்னதான் செய்வார்கள்?

தூத்துக்குடி கரை எழுதியது:

தம்பி, நான் 2023 ஆகஸ்டில் ஏறக்குறைய இதே வழியில் போய் வந்தேன். கூட்டிப் போங்கள்.

கப்பலுக்குள் ஒரு கஷ்டமும் இல்லை. அறை வெதுவெதுப்பாக இருக்கும், லிஃப்ட் இருக்கும். சிரமம் எல்லாம் கப்பலிலிருந்து ரப்பர் படகுக்கு இறங்குவதில்தான். ஜோடியாக் என்பார்கள், பத்துப் பேர் போல உட்காரலாம். படகு அலையில் ஏறி இறங்கும்போது, ஏறுகிற கணம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். விரலைப் பிடிக்க விடமாட்டார்கள். உங்கள் மணிக்கட்டுக்கு மேல் அவர் பிடிப்பார், அவருடைய மணிக்கட்டுக்கு மேல் நீங்கள் பிடிக்க வேண்டும். மீன்பிடிப் படகில் ஏறிப் பழகிய எனக்கே முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. கரையில் படகுத்துறை கிடையாது. கணுக்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸ் கப்பலிலேயே கொடுப்பார்கள். அம்மாவுக்கு இப்போதிருந்தே தினமும் பத்துத் தடவை மாடிப்படி ஏறி இறங்கப் பழக்கம் வையுங்கள்.

ரெசல்யூட்டில் மூடுபனி கவிந்தால் விமானம் இறங்காது. எங்களுக்கு இரண்டு நாள் போய்விட்டது, பீச்சி தீவைப் பார்க்கவே முடியவில்லை. பணம் திரும்பி வராது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கரடியைப் பற்றிச் சொல்கிறேன். டெவன் தீவின் தெற்குக் கரையில் குரோக்கர் பே என்று ஒரு விரிகுடா. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் மெதுவாகக் கூப்பிட்டார்கள். மிதக்கும் பனித்தட்டு ஒன்றின்மேல் கரடி, அதன் முன்னால் அது அடித்த சீல், அதாவது கடல்நாய். பனி முழுக்க ரத்தம். கப்பல் இயந்திரத்தை அடக்கிவிட்டுத் தூரத்திலேயே நின்றது. நூறு பேர் மேல்தளத்தில் நின்றோம், ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. கரடி ஒரு தடவை தலையைத் தூக்கி மூக்கை எங்கள் பக்கம் நீட்டி மோப்பம் பிடித்தது. அப்புறம் எங்களைப் பொருட்டாகவே எண்ணாமல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டது. பக்கத்தில் இரண்டு கடற்காகங்கள் மிச்சத்துக்காக உட்கார்ந்திருந்தன. நாற்பது நிமிடம் அப்படியே நின்றேன். கை விறைத்தது அப்புறம்தான் தெரிந்தது.

கரடி வராத நாளும் வரும், அதற்கும் அம்மாவைத் தயார் செய்யுங்கள். அந்த நாட்களுக்கு பிரின்ஸ் லியோபோல்ட் தீவு இருக்கிறது. செங்குத்துப் பாறையில் அடுக்கடுக்காக மர் என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள். குஞ்சுக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், பறக்கத் தெரியாது. அந்த உயரத்திலிருந்து கடலில் குதிக்கும். தகப்பன் பறவை உடன் இறங்கி, இரண்டும் சேர்ந்து நீந்தியே தெற்கே கிளம்பிவிடும். அது சரியாக ஆகஸ்டில்தான். நீங்கள் போகிற சமயம்.

மிளகுரசம் எழுதியது:

சைவம் பிரச்சினையே இல்லை. பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுத்து, ஏறிய அன்று தலைமைச் சமையல்காரரை ஒரு தடவை பார்த்துப் பேசிவிடுங்கள். பருப்பும் சோறும் கேட்டால் தருவார்கள். ஊறுகாய், பருப்புப்பொடி சீல் செய்த பாக்கெட்டில் கொண்டு போங்கள். வீட்டில் செய்ததைப் பெட்டியில் போட வேண்டாம். காய், விதை, மண் எதுவும் கரைக்குப் போகக் கூடாது. பூட்ஸ் அடியில் ஒட்டிய விதையைக்கூட உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் இறக்குவார்கள்.

முக்கியமான விஷயம்: அம்மாவிடம் இந்தியக் கடவுச்சீட்டுதானே? கிரீன்லாந்து டென்மார்க்கைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் என்கிற ஐரோப்பியப் பொது விசாப் பகுதிக்குள் வராது. சாதாரண ஷெங்கன் விசா போதாது. கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று விசாவிலேயே தனியாக எழுதியிருக்க வேண்டும். திரும்ப கனடாவுக்குள் வரும் விசாவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவெட்டி அக்கா எழுதியது:

தம்பி, நான் கனடாவின் வடக்கில் இனூயிட் வாழும் நுனாவுட்டில் ஒரு ஊர் சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம் தாதியாக வேலை செய்தனான். விளம்பரத் தாளைப் பார்த்து உங்களுக்கு வந்த அந்த உறுத்தல் சரியானது. அதை விட்டுவிடாதீர்கள். அதோடேயே போய் வாருங்கள்.

முதலில் பெயர். பாண்ட் இன்லெட் என்பது வெள்ளைக்காரர் வைத்தது. அந்த ஊர்ச் சனங்களுக்கு அது மித்திமதாலிக், மித்திமா புதைக்கப்பட்ட இடம். ஏறக்குறைய 1,500 பேர் இருக்கிறார்கள். நீங்கள் போகிற லாங்கஸ்டர் சவுண்டுக்கு அவர்கள் சொல்வது தல்லுருதியுப் இமங்கா. டெவன் தீவின் பாறையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருக்கும். கடலில் இருந்து பார்த்தால், நாடியில் (மோவாயில்) பச்சை குத்திய பெண்ணின் முகம் போல இருக்கிறதென்று அந்தத் தீவுக்கு தல்லுருதித் என்று பேர். அதைச் சூழ்ந்த கடல் என்பதுதான் மற்றப் பெயர். பாதிரிமார் தடுத்து அந்தப் பச்சை குத்தும் வழக்கம் அழியப் பார்த்தது. இப்போது இளம் பெண்கள் திரும்பவும் குத்திக்கொள்கிறார்கள். கப்பல் அந்தப் பக்கம் போகும்போது அம்மாவைத் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள்.

கப்பல் வரும் நாளில் ஊர் மண்டபத்தில் நிகழ்ச்சி வைப்பார்கள். அதை நடத்துவது ஊர்க்காரர், கப்பல் கம்பனி அதற்குப் பணம் கட்டும். இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, முகத்துக்கு முகம் நின்று தொண்டையால் பாடுவார்கள். கதஜாக் என்பது அதன் பேர். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சத்தம், விடும்போதும் சத்தம். ஆற்றுச் சத்தம், வாத்துச் சத்தம், நாய்க்குட்டிச் சத்தம் எல்லாம் வரும். அது ஒரு விளையாட்டு. யார் முதலில் சிரிக்கிறாரோ, யாருக்கு மூச்சு முட்டுகிறதோ அவர் தோற்றார். அவர்கள் சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம்.

குல்லிக் விளக்கு ஏற்றுவதைக் கட்டாயம் பாருங்கள். அரை நிலா வடிவில் மாக்கல்லில் செதுக்கியது. சீல் கொழுப்பு உருகித்தான் எண்ணெய். பனிவீட்டுக்குள் வெளிச்சமும் அதுதான், அடுப்பும் அதுதான், ஈர உடுப்புக் காய்வதும் அதன் மேல்தான். அதைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்ணின் பொறுப்பு.

உள்ளே போனால் செருப்பைக் கழற்றுங்கள், அவர்களும் எங்களைப் போலத்தான். கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். ஒன்று கேட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று யோசிக்காதீர்கள். புருவத்தை உயர்த்தினால் ஓம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. முதல் வாரம் ஒரு சின்னப் பிள்ளையிடம் "காது நோகுதா" என்று நாலு தரம் கேட்டேன். அது நாலு தரமும் புருவத்தை உயர்த்தியது. நான் விளங்காமல் ஐந்தாம் தரமும் கேட்டேன். தாய்தான் சொல்லித் தந்தார்.

கல்லில் செதுக்கிய சிற்பம் வாங்குவதென்றால் செய்தவர் கையில் வாங்குங்கள். ஆனால் சீல் தோல், வால்ரஸ் தந்தம் மாதிரிப் பொருட்களை எல்லை தாண்டிக் கொண்டுபோக நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நீங்கள் கிரீன்லாந்துக்குள் போவதால் கல்லும் துணிப்பின்னலும் வாங்கினால் தொல்லை இல்லை.

கருவேலங்காடு எழுதியது:

எல்லோரும் போகச் சொல்கிறீர்கள், நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. பனி உருகுகிறது என்பதால்தான் இந்தக் கப்பல்களுக்கே வழி கிடைக்கிறது. அந்த வழியில் எண்ணெய் எரித்துக்கொண்டு போய், உருகுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு சமூகத்தின் பண்பாட்டைப் பார்த்து முடிப்பதும் அப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நார்வாலைப் பார்க்கப் போகிறோம் என்கிறோம், ஆனால் அங்கே அதை வேட்டையாடித் தின்கிறார்கள். விலங்குகளை நேசிக்கிற ஒரு பெரியவரை, அதுவும் சைவக்காரரை, அந்தக் கரையில் கொண்டு போய் நிறுத்த வேண்டுமா?

அளவெட்டி அக்கா எழுதியது:

கருவேலங்காடு, எண்ணெய் பற்றி நீங்கள் சொன்னதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். வேட்டை பற்றிச் சொன்னதற்குச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் பின்னேரம் ஊர் வானொலியில் ஒருவர் அறிவித்தார்: எங்கள் வீட்டில் மக்தாக் இருக்கிறது, வாருங்கள் என்று. மக்தாக் என்றால் நார்வாலின் தோலும் அடியில் உள்ள கொழுப்பும். என்னோடு வேலை செய்தவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நிலத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து அதன்மேல் வைத்திருந்தது. சுற்றி இருபது பேர் நிலத்தில் குந்தியிருந்தார்கள். பாட்டி ஒருவர் ஊலு என்கிற அரைவட்டக் கத்தியால் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறி எனக்கு நீட்டினார். தொட்டுக்கொள்ள சோயா சாஸ். மென்றால் முந்திரி போல ஒரு சுவை. ஒருவரும் காசு கேட்கவில்லை. பிடித்தவர் வீட்டுக்கு வந்தது ஊருக்கு வந்தது மாதிரி. மரக்கறி விளையாத மண்ணில் அந்தத் தோலில் இருந்துதான் தலைமுறை தலைமுறையாக வைட்டமின் சி கிடைத்தது. கடையில் எல்லாம் விமானத்திலும், வருடத்தில் கோடையில் மட்டும் வரும் சரக்குக் கப்பலிலும்தான் வரும். டொரன்டோவில் கொடுக்கிற விலையின் இரண்டு மூன்று மடங்கை நானே கொடுத்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் 1983இல் சீல் குட்டித் தோலுக்குத் தடை, 2009இல் எல்லா சீல் பொருளுக்கும் தடை. இனூயிட்டுக்கு விலக்கு என்று எழுதி வைத்தார்கள், ஆனால் சந்தையே விழுந்துவிட்டது. தோலை விற்று எரிபொருளும் தோட்டாவும் வாங்கிய குடும்பங்கள் கையேந்தும் நிலைக்கு வந்தன. சீல் வேட்டைக்கு எதிராக நல்ல மனதோடு செய்த பிரசாரத்தின் விளைவுதான் அது.

நார்வாலுக்காக யார் போராடினார்கள் என்று பாருங்கள். பாஃபின் விரிகுடாவில் எண்ணெய் தேட, கடலுக்குள் வெடிச்சத்தம் எழுப்பி ஆய்வு செய்ய அனுமதி கொடுத்தார்கள். ஆயிரம் பேர் அளவுள்ள கிளைட் ரிவர் ஊர் அதை எதிர்த்து கனடா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2017இல் வென்றது. மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்தை விரிவாக்கினால் கப்பல் சத்தத்தில் நார்வால் ஓடிவிடும் என்று 2021 குளிரில் வேட்டைக்காரர்கள் சுரங்கத்தின் விமான ஓடுபாதையில் கூடாரம் போட்டு மறித்தார்கள். அடுத்த வருடம் அரசாங்கம் அந்த விரிவாக்கத்தை நிராகரித்தது. இந்தத் தம்பி போகிற கடல் 2019இல் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பாதுகாக்கப்பட்ட கடலாக ஆனதற்குப் பின்னால் அந்தச் சனங்களின் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. அந்த மிருகத்தைத் தின்கிறவர்கள்தான் அதைக் காப்பாற்றுகிறவர்களும்.

பழைய வரைபடம் எழுதியது:

பீச்சி தீவு பற்றி யாரும் சொல்லவில்லையே. சரளைக்கல் கரையில் நான்கு கல்லறைகள், பின்னால் மொட்டைப் பாறை, அவ்வளவுதான் இடம். ஆனால் போகும் முன் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். 1845இல் ஃபிராங்க்ளின் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் 129 பேரோடு, கனடாவின் வடக்கே சுற்றி ஆசியாவுக்குப் போகும் வடமேற்கு வழியைத் தேடிப் போனார். ஒருவரும் திரும்பவில்லை. முதல் குளிர்காலத்தில் இறந்த மூவர் அங்கே கிடக்கிறார்கள். ஜான் டோரிங்டன் என்பவர் 1846 ஜனவரி 1இல் இறந்தார், வயது 20. 1984இல் தோண்டிப் பார்த்தபோது உறைநிலத்தில் உடல் அப்படியே இருந்தது. நான்காவது கல்லறை, பிறகு அவர்களைத் தேடி வந்த ஒரு மாலுமிக்கு.

இதை இந்த இழையில் சொல்லக் காரணம் உண்டு. என்ன நடந்தது என்பது இனூயிட்டுகளுக்குத் தெரியும். 1854இலேயே ஜான் ரே என்பவர் அவர்களிடம் கேட்டு எழுதி லண்டனுக்கு அனுப்பினார். கப்பலை விட்டு நடந்தவர்கள் பட்டினியில் கடைசியில் ஒருவரை ஒருவர் தின்றார்கள் என்றும் அதில் இருந்தது. லண்டனில் கொதித்துப் போய், காட்டுமிராண்டிகள் பொய் சொல்கிறார்கள் என்றார்கள். பின்னால் கிடைத்த எலும்புகளில் கத்தி கீறிய தடங்கள் இருந்தன. எரிபஸ் கப்பல் 2014இல் கடலடியில் கிடைத்தது, டெரர் 2016இல். எரிபஸ் கிடந்தது, அங்கே ஒரு கப்பல் மூழ்கியது என்று இனூயிட் பெரியவர்கள் தலைமுறையாகச் சொல்லிவந்த பக்கத்தில்தான். நூற்று அறுபது வருடம் கேட்காமல் விட்டார்கள்.

கரடிக் காவலர்கள் துப்பாக்கியோடு முன்னால் போய்ச் சுற்றிப் பார்த்த பிறகுதான் உங்களை இறக்குவார்கள். சரளையில் நடப்பது முட்டிக்குச் சிரமம், கைத்தடி கொண்டு போங்கள்.

பவானிக்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரெசல்யூட்டில் விமானம் இறங்கியதும் நேராகக் கப்பலுக்குக் கூட்டிப் போய்விடுவார்களாம். அந்த ஊரில் பார்க்க எதுவும் இல்லை என்று முகவர் சொன்னார். அப்படியா?

அளவெட்டி அக்கா எழுதியது:

இருக்கிறது தம்பி. கரையோரம் ஒரு கல் மனிதன் தனியே நிற்கிறான். அதை மட்டுமாவது பார்த்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள்.

ரெசல்யூட்டுக்கு இனூயிட் வைத்த பேர் கவுசுயித்துக், விடியாத இடம். 1953இலும் 1955இலும் கியூபெக்கின் வடக்கில் இருந்த இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களை அரசாங்கம் கப்பலில் ஏற்றி, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுவந்து இங்கேயும் கிரீஸ் ஃபியோர்டிலும் இறக்கியது. வேட்டை நல்லாயிருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொன்னார்கள். எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம் என்று நினைத்தவர்களைக் கப்பலில் வைத்தே பிரித்தார்கள். முதல் குளிரைக் கூடாரத்தில் கழித்தார்கள். அவர்கள் ஊரில் குளிரிலும் பகலில் சூரியன் வரும். இங்கே மூன்று மாதம் சூரியனே இல்லை. திரும்பப் போகக் கேட்டபோது விடவில்லை. 2010 ஆகஸ்ட் 18இல்தான் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கல் மனிதனைச் செதுக்கியவரும் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்தான். கிரீஸ் ஃபியோர்டில் ஒரு தாயும் பிள்ளையும் அதேபோலச் சிலையாக நிற்கிறார்கள். தகப்பன் ஒரு ஊரில், தாயும் பிள்ளையும் இன்னொரு ஊரில்.

இனூயிட் எல்லோருக்கும் ஒரு காலத்தில் கழுத்தில் தொங்கவிட இலக்கம் பொறித்த வில்லை கொடுத்திருந்தார்கள். பேர் உச்சரிக்க வராது என்று அரசாங்கம் இலக்கத்தால் கூப்பிட்டது. என்னிடம் இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு முதியவரிடம் பிறந்த திகதி கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை. வில்லை இலக்கத்தை மட்டும் ஒரு மூச்சில் சொன்னார். நாங்கள் 1990இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, பிறகு அகதி அட்டை இலக்கத்தால் கூப்பிடப்பட்டு வாழ்ந்தனாங்கள். அன்றைக்கு அவரைக் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றும் கதைக்கவில்லை.

கருவேலங்காடு எழுதியது:

அக்கா, வேட்டை பற்றி நான் எழுதியது அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதியது. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கப்பல் பற்றிய என் கருத்து மாறவில்லை. போவதென்றே முடிவானால், தம்பி, கம்பெனியிடம் என்ன எரிபொருள், எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆர்க்டிக்கில் கனரக எண்ணெய் என்கிற அடர்த்தியான கப்பல் எரிபொருளுக்கு 2024 ஜூலையிலிருந்து தடை வந்திருக்கிறது, ஆனால் 2029 வரை விலக்கு வாங்கி ஓடுகிற கப்பல்களும் உண்டு. 1,500 பேர் இருக்கிற ஊரில் ஆயிரம் பேரைக் கொண்டு இறக்குகிற கப்பல் வேண்டவே வேண்டாம்.

தூத்துக்குடி கரை எழுதியது:

சரியான கேள்விகள். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 2025 தொடக்கத்திலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது, கரடிக்கு 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், வசந்தத்தில் 500. கேமராவுக்கு நல்ல லென்ஸ் வாங்குங்கள், இன்னும் பக்கத்தில் போகச் சொல்லி வழிகாட்டியை நச்சரிக்க வேண்டாம். காப்பீட்டையும் மறக்காதீர்கள். 2023 செப்டம்பரில் கிழக்கு கிரீன்லாந்தில் 206 பேரோடு ஒரு கப்பல் தரை தட்டி மூன்று நாள் நின்றது. இழுத்துவிட வேறு கப்பல் வர அவ்வளவு நாள் ஆனது. அந்தக் கடலில் உதவி என்பது அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

அளவெட்டி அக்கா எழுதியது:

ஓம், விமானத்தில் தூக்கிவரும் செலவு சேர்ந்த காப்பீடு கட்டாயம் வேண்டும். அந்த ஊர்களில் ஆஸ்பத்திரி இல்லை, எங்களைப் போலத் தாதிமார்தான். பிள்ளைப்பேறுக்கே கர்ப்பிணிகள் வாரக்கணக்கில் முன்னதாக நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டுக்கு விமானம் ஏறிப் போய் இருக்க வேண்டும்.

பவானிக்கரை எழுதியது:

பதிவு செய்துவிட்டேன். 180 பேர் கப்பல், கனரக எண்ணெய் இல்லை என்று எழுத்தில் வாங்கினேன். டென்மார்க் விசாவுக்கு அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது. அம்மா மாடிப்படி பயிற்சியில் இருக்கிறார், இன்றைக்கு எட்டுத் தடவை.

அக்கா, அம்மாவுக்குக் கரடியை விட அந்த விளக்கு மேல் இப்போது ஆர்வம் வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் பஞ்சைக் கிழித்து, விபூதி தொட்டுத் தொடையில் உருட்டித் திரி திரிப்பவர் அவர். "பருத்தி இல்லாத ஊர்ல திரிக்கு என்ன பண்றாங்க, அந்த அக்காகிட்ட கேளு" என்கிறார்.

அளவெட்டி அக்கா எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கம். அங்கே ஈர நிலத்தில் ஒரு புல், நுனியில் வெள்ளைப் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்கும். ஆர்க்டிக் பருத்தி என்பார்கள். அதைக் கோடையில் பிடுங்கிக் காயவைத்து, பாசியை நொறுக்கி அதோடு கலந்து வைப்பார்கள். உருட்டுவதில்லை. விளக்கின் நேர் விளிம்பு நீளத்துக்கு அதை வரிசையாகக் கிள்ளிக் கிள்ளி வைத்து, எண்ணெயில் ஊற விட்டு, ஒரு ஓரத்தில் தீ வைப்பார்கள். பிறகு தக்குட் என்கிற சின்னக் கோலால் தட்டித் தட்டி, சுடரை மற்ற ஓரம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். உயர்ந்தால் புகைக்கும், தாழ்ந்தால் அணையும்.

நீங்கள் போகும் மாதத்தில் அந்தப் பஞ்சு கரையெல்லாம் நிற்கும். பிடுங்காமல் குனிந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் விளக்கை வைத்திருக்கும் அம்மாவிடம், தானும் வீட்டில் திரி செய்கிறவர் என்று மொழிபெயர்ப்பவர் மூலம் சொல்லுங்கள். அவர் கட்டாயம் கோலைக் கையில் கொடுத்துப் பார்ப்பார்.